பூட்டிய கோயிலும் எஞ்சினியரம்மா வெதூரியாவும்

மேடையில் வீற்றிருக்கும் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, நகராட்சித் தலைவர் அவர்களே, முன்வரிசையின் வலது ஓரத்தில் அமர்ந்திருக்கும் நெக்கிஃபோர் சாமி அவர்களே, அதே வரிசையின் இடது ஓரத்தில் அமர்ந்திருக்கும் கொரியோலான் சாமி அவர்களே, இந்த இருவருக்கும் நடுவில் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கும் வெதூரியா அம்மையாரின் மகள் லவீனியா அவர்களே, இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பேருந்து ஏறி வந்து சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, ஸ்டெஜெரெட் எனாமல் பாத்திரத் தொழிற்சாலையின் தோழர்களே!

தோழர்களே என்றதும் அங்கே இரண்டு பேர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்கிறார்கள் இப்போது. பழைய ஆட்சி ஒழிந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் எனக்கு வேறு சொல் வாயில் வரவில்லை. சூளைக்கு முன்னால் சேர்ந்து நின்று வெந்தவர்களுக்கு அதைவிட நல்ல சொல் ஒன்று உங்களிடம் இருந்தால் கொடுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

நான் கோர்னெல் ப்ளேஷா. தொழிற்சங்கத் தலைவனாக இருந்தவன். வெதூரியா அம்மையார் நகராட்சித் தலைவராக இருந்தபோது துணைத் தலைவராக அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். பக்கத்தில் உட்கார்ந்து பாதி நாள் அவரோடு சண்டை போட்டவன். தொழிற்சாலை வாசலில் நின்று கத்திப் பேசித்தான் எனக்குப் பழக்கம். இரங்கல் கூட்டத்தில் மெல்லப் பேச வேண்டுமாம். முயற்சி செய்கிறேன்.

யார் இந்த வெதூரியா பர்லியா? இந்தக் கேள்வியை ஊரில் பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பதில் வரும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்பார் ஒருவர். போப்பின் ஆள் என்பார் இன்னொருவர். கம்யூனிஸ்டு என்பார்கள். கம்யூனிஸ்டுகளைக் கருவறுத்தவர் என்பார்கள். ஒரே பெண்மணி இத்தனையாகவும் இருக்க முடியுமா? நமக்கெல்லாம் அவர் எஞ்சினியரம்மா. அவ்வளவுதான். நகராட்சித் தலைவரான பிறகும் அவரை யாரும் தலைவர் என்று கூப்பிடவில்லை. சூளைப் பிரிவில் நீல மேலங்கியோடு நின்ற அதே எஞ்சினியரம்மாதான்.

அவர் வலேரியு பர்லியா சாமியின் மகள். இந்த ஊர்க் கோயிலில் பூசை வைத்தவர் அந்தச் சாமி. நாற்பத்தெட்டாம் ஆண்டு கம்யூனிஸ்டு அரசாங்கம் என்ன சொன்னது? கிரேக்கக் கத்தோலிக்கர் என்று இனி ஒரு சபையே கிடையாது, எல்லோரும் ஆர்த்தடாக்ஸ் சபையில் சேருங்கள், கோயிலையும் ஒப்படையுங்கள் என்று சொன்னது. இரண்டு சபைக்கும் பூசை ஒன்று, பாட்டு ஒன்று, நோன்பு ஒன்று. சாமிகள் கல்யாணம் செய்துகொள்வதும் இரண்டிலும் உண்டு. ரோமாபுரியில் இருக்கும் போப்பை ஏற்பவர்கள் ஒரு பக்கம், ஏற்காதவர்கள் மறு பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்காகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள். வலேரியு சாமி போடவில்லை. சிறையில் செத்தார். எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

அதே சிறையில், அதே அறையில், அவரோடு கிடந்தவர் நம் கொரியோலான் சாமி. உயிரோடு திரும்பி வந்தார். வந்து கொத்தனார் வேலை பார்த்தார். இந்த ஊரில் அவர் கட்டாத சமையலறைப் புகைபோக்கி குறைவு. புகைபோக்கி கட்டப் போன வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சமையல் மேசையில் பூசையும் வைத்தார். கோயிலில் அப்போது பூசை வைத்துக்கொண்டிருந்தவர் நெக்கிஃபோர் சாமி. எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும், என் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அவர்தான். சமையலறைகளில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஒரு வார்த்தை அவர் வெளியே விட்டிருந்தால் போதும், கொரியோலான் சாமி மறுபடி உள்ளே போயிருப்பார். நெக்கிஃபோர் சாமி விடவில்லை. இதையும் இந்த மேடையில் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

வலேரியு சாமியின் மகள் என்பதால் வெதூரியாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. தொழிற்சாலையில் பாத்திரம் அடுக்கும் வேலைக்கு வந்தார். மாலை வகுப்பில் படித்து எஞ்சினியர் ஆனார். ஆன பிறகும் கடைசி வரை உதவி எஞ்சினியர்தான். பதவி உயர்வுக்கு அவர் பெயர் போகும் ஒவ்வொரு முறையும் கட்சிச் செயலாளர் சாபின் ருசு அதைத் தடுத்தார். சாமியார் மகளுக்குச் சூளையைக் கொடுத்தால் அவள் அதில் ஜெபம் செய்வாள் என்று கூட்டத்தில் கேலி பேசினார். நாங்களும் சிரித்தோம். சிரிக்காதவர்கள் பெயரைக் கவனிக்க ஆள் இருந்த காலம் அது.

பிறகு எண்பத்தொன்பதாம் ஆண்டின் அந்த டிசம்பர் வந்தது. தலைநகரில் சர்வாதிகாரி ஓடிவிட்டார் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். நாமெல்லாம் தொழிற்சாலை முற்றத்தில் கூடினோம். இயக்குநர் பின்வாசல் வழியே காரில் பறந்துவிட்டார். சாபின் ருசுவுக்குக் கார் கிடைக்கவில்லை. வரைபட அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கூட்டம் அந்த அறையைச் சூழ்ந்தது. கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். என் கையில் சூளை கிளறும் கம்பி இருந்தது. இருபது வருடக் குளிர், இருபது வருட இருட்டு, இருபது வருட ரொட்டி வரிசை, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல ஒரே ஆள் அந்த அறைக்குள் இருந்தார்.

கதவுக்கு முன்னால் போய் நின்றவர் யார்? அந்த ஆளால் எல்லோரையும்விட அதிகம் மிதிபட்ட எஞ்சினியரம்மா!

"வழிய விடுங்க எஞ்சினியரம்மா. உங்களுக்கு அவன் செய்யாத கொடுமையா?" என்று முன்னால் நின்ற ஒருவர் கேட்டார்.

"ஆமா, எனக்குத்தான் அதிகம் செஞ்சான். அப்ப அடிக்கிற உரிமையும் எனக்குத்தான் முதல்ல. நான் இன்னைக்கு அடிக்கிறதா இல்ல. நீங்கள்லாம் எனக்குப் பின்னாடி வரிசையில நில்லுங்க. நமக்கு வரிசை புதுசா என்ன?"

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். சிரித்த பிறகு கம்பியைத் தூக்கிப் பிடிப்பது கடினம் தோழர்களே. ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சாபின் ருசு அழுதுகொண்டே வெளியே வந்து, கூட்டத்தின் நடுவே நடந்து வீட்டுக்குப் போனார். நம் ஊரில் அந்த டிசம்பரில் ஒரு உயிர் போகவில்லை. பக்கத்து ஊர்களில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் உள்ளாட்சித் தேர்தலில் நாம் அவரைத் தேர்ந்தெடுத்தோம். அவர் கேட்கவில்லை. நாம்தான் போய் நிற்க வைத்தோம்.

நாற்காலியில் உட்கார்ந்த உடனே அவர் முன்னால் வந்து விழுந்தது கோயில் பிரச்சினை. கத்தோலிக்கச் சபைக்கு இருந்த தடை நீங்கிவிட்டது. சமையலறைகளிலிருந்து ஜனங்கள் வெளியே வந்துவிட்டார்கள். வந்தவர்கள் தங்கள் கோயிலைக் கேட்டார்கள். கேட்காமல் இருப்பார்களா? கோயிலுக்குள் இருந்தவர்களோ நாற்பது வருடமாக அங்கேதான் பிறப்பையும் சாவையும் பார்த்தவர்கள். கொடுத்துவிட்டு எங்கே போவார்கள்?

இரண்டு தரப்பும் ஒரே நாளில் நகராட்சி அலுவலகத்துக்கு வந்தன. நான் அந்த அறையில் இருந்தேன். கொரியோலான் சாமியோடு வந்தவர்கள், உங்கள் அப்பா உயிரைக் கொடுத்த கோயில் இது, நீங்கள் சாவியைக் கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள் என்றார்கள். நெக்கிஃபோர் சாமியோடு வந்தவர்கள், எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் அங்கேதான் ஞானஸ்நானம் நடந்தது, எங்களை மட்டும் வெளியே போ என்கிறீர்களா என்றார்கள். ஒருவர் மேசையைத் தட்டினார். இன்னொருவர் தொப்பியைத் தூக்கி எறிந்தார். எஞ்சினியரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்.

"ரெண்டு பேரும் சொல்றது நிஜம். ஒருத்தர் பொய் சொல்லியிருந்தா எனக்கு வேலை சுலபம்."

அதன் பிறகு தீர்ப்பைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பூசை, மதியம் ஒரு பூசை. ஒரு மாதம் இவர்கள் முதலில், அடுத்த மாதம் அவர்கள் முதலில். நடுவில் சன்னல்களைத் திறந்து வைத்துக் காற்று வர விட வேண்டும். சாவி யாரிடமும் இருக்காது, நகராட்சியில் இருக்கும்.

யாருக்கும் பிடிக்கவில்லை. இரண்டு சபைகளின் தலைமைச் சாமிகளான ஆயர்களுக்கும் பிடிக்கவில்லை. வலேரியு சாமியின் மகள் அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று கத்தோலிக்கப் பெண்கள் சந்தையில் அவர் காதுபடவே பேசினார்கள். ஆனாலும் நடந்தது. ஆம், நடந்தது, அதை நாம் மறந்துவிட்டதுபோல் நடிக்கிறோம். காலையில் வந்த பெண்கள் பூச்செண்டுகளை அப்படியே விட்டுப் போனார்கள், மதியம் வந்தவர்கள் அதற்குத் தண்ணீர் மாற்றினார்கள். இரண்டு பாடகர் குழுவுக்கும் பாட்டுப் புத்தகம் வைக்க ஒரே மரத்தாங்கிதான். அதன் கால் ஒன்று உடைந்தபோது இரு தரப்பும் சேர்ந்து அதைச் சரி செய்தன. இரண்டு குளிர்காலம் இந்த ஊர் அப்படி வாழ்ந்தது.

அப்புறம் எது கெடுத்தது? பைபிளா? போப்பா? இல்லை தோழர்களே. தொழிற்சாலை மூடியதுதான் கெடுத்தது. இதைத்தான் எஞ்சினியரம்மா சாகும்வரை சொன்னார், யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

தொழிற்சாலையை அரசாங்கம் விற்றது. வாங்கியவர் முகத்தை நாம் பார்த்ததே இல்லை. அவருடைய ஆளாகத் தோல் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து இறங்கியவரைப் பார்த்தோம். சாபின் ருசு! வரைபட அறையிலிருந்து அழுதுகொண்டு போன அதே சாபின் ருசு. முன்பு எங்களுக்குச் சோஷலிசத்தைப் பற்றிப் பாடம் எடுத்தவர், இப்போது சந்தையைப் பற்றிப் பாடம் எடுத்தார். அதே குரல், அதே கையசைப்பு. தொழிற்சாலையை நவீனமாக்கப் போகிறோம் என்றார். முதலில் அழுத்தும் இயந்திரங்கள் போயின. பிறகு சூளையின் உட்பகுதி போயிற்று. இரும்பு விலைக்குப் போயிற்று எல்லாம். நாங்கள் ரயில் பாதையில் உட்கார்ந்து மறித்தோம். எஞ்சினியரம்மா தலைநகருக்குப் போய் அமைச்சகத்தின் தாழ்வாரத்தில் நாள்கணக்காகக் காத்திருந்தார். திரும்பி வந்து நேராகத் தண்டவாளத்துக்கே வந்தார். பொய் சொல்லி நம்மைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். சொல்லவில்லை. யாரும் வரப்போவதில்லை, கையெழுத்து ஏற்கெனவே ஆகிவிட்டது, குளிரில் உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார்.

அன்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அன்றைக்கே அவனை அடிக்க விட்டிருந்தால் இன்று நம் வயிற்றில் அடிக்க அவன் இருந்திருப்பானா என்று. கேட்டவர் மீது எனக்குக் கோபமில்லை. எல்லோர் மனதிலும் இருந்ததுதான். எஞ்சினியரம்மா தண்டவாளத்தில் எங்களோடு உட்கார்ந்துகொண்டார்.

"அவன அடிச்சிருந்தா இன்னைக்கு வேற ஒருத்தன் கோட்டுப் போட்டுட்டு வந்திருப்பான். இயந்திரம் எப்படியும் போயிருக்கும். நம்ம கையில கறை மட்டும் மிஞ்சியிருக்கும்."

தண்டவாளத்திலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனோம். ஒத்துக்கொண்டதாக அர்த்தமில்லை.

வேலை இருந்தவரை யார் எந்தச் சபை என்று நீங்கள் கேட்டீர்களா? கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்து கோசு சூப் குடித்தவனிடம், நீ போப்பை ஏற்பவனா என்று கேட்டீர்களா? சூளை வாயில் சுட்டுக்கொண்டவனைத் தூக்கி ஓடியபோது கேட்டீர்களா? வேலை போன பிறகு கேட்டோம். காலையில் எழுந்து போக இடமில்லாத ஆண்பிள்ளைகள், கோயில் சுவரில் சாய்ந்து நின்று, உள்ளே இருப்பவன் எப்போது வெளியே வருவான் என்று கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நமக்கு மிச்சமிருந்த ஒரே சொத்து அந்தக் கோயில். ஒரே சொத்து என்றால் அண்ணன் தம்பிக்குள்ளேயே வெட்டுக் குத்து நடக்கும்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம், குருத்து ஞாயிறு அன்று அது நடந்தது. காலைப் பூசை நேரத்தைத் தாண்டி நீண்டது. வெளியே மழையில் மற்றவர்கள் நின்றார்கள். வேண்டுமென்றே இழுக்கிறார்கள் என்றார்கள் வெளியே. வேண்டுமென்றே தள்ளுகிறார்கள் என்றார்கள் உள்ளே. அடுத்து என்ன நடந்தது என்று நான் விவரிக்கப் போவதில்லை. கையில் குருத்துக் கிளை பிடித்திருந்தவர்கள் அந்தக் கிளையாலேயே அடித்துக்கொண்டார்கள் என்பது போதும். போலீஸ் வந்தது. நீதிமன்றம் கோயிலுக்குச் சீல் வைத்தது. வழக்கு நடந்தது. நடந்துகொண்டே இருக்கிறது. இன்று ஒரு தரப்புக்குப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் பூசை, இன்னொரு தரப்புக்குப் பேருந்து நிலையத்தின் பின்னால் மரக்கொட்டகையில் பூசை. கோயிலுக்குள் புறாக்கள் இருக்கின்றன.

இப்போது நான் இலாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மனைவி சாவேத்தா இங்கேதான் இருக்கிறார். சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். சொல்லுங்கள் என்றார்.

இலாரி சூளைக்காரர். நிறத்தைப் பார்த்தே வெப்பம் சொல்வார் என்று நாங்கள் கேலியாகச் சொல்வோம், பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வார். நல்ல மனிதர், சத்தமாகச் சிரிப்பார். வேலை போன மூன்றாம் குளிர்காலத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. பிறகு ஒரு நாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

சாவேத்தா அடக்கப் பூசை கேட்டு நெக்கிஃபோர் சாமியிடம் போனார். தானே உயிரை விட்டவருக்குச் சபைச் சட்டம் அனுமதிக்காது, ஆயரைக் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. இலாரியின் தாய் கத்தோலிக்கர் என்பதால் கொரியோலான் சாமியிடமும் போனார். அவர் எங்கள் சபைப் பதிவில் இல்லையே என்று பதில் வந்தது. சாமிகளே, நான் குற்றம் சாட்டவில்லை. உங்கள் சட்டம் உங்களுக்கு. ஆனால் ஒரு பெண் பனியில் இரண்டு வாசலுக்கும் நடந்துவிட்டு, கடைசியில் எஞ்சினியரம்மா வாசலுக்கு வந்து நின்றார்.

அன்று எஞ்சினியரம்மா உங்கள் இருவரையும் அலுவலகத்துக்கு அழைத்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"சாவியக் கேட்டு ரெண்டு பேரும் எத்தன தடவ இந்த அறைக்கு வந்திருக்கீங்க சாமி? இந்த மனுசனக் கேட்டு மட்டும் ஒருத்தரும் வரலையே."

நீங்கள் இருவரும் தனித்தனியாக எழுந்து போனீர்கள்.

மறுநாள் இலாரியைப் பூட்டிய கோயிலின் முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். படிக்கட்டில் பெட்டியை வைத்தோம். எஞ்சினியரம்மா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, அப்பாவிடம் சின்ன வயதில் கேட்ட அடக்கப் பாட்டை அவரே பாடினார். பெண்பிள்ளை பாடலாமா என்று யாரும் கேட்கவில்லை. அவருக்குக் குரல் வளம் கிடையாது. பாதியில் வார்த்தை மறந்துபோயிற்று. மறந்த இடத்தை எங்கள் கூட்டத்திலிருந்து இரண்டு தரப்புக் கிழவிகளும் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரே பாட்டுத்தானே!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதை எனக்குச் சொன்னது சாவேத்தா. அடக்கம் முடிந்த அடுத்த வாரம் நெக்கிஃபோர் சாமி தனியாகக் கல்லறைக்கு வந்து நின்றிருக்கிறார். வேறொரு நாள் கொரியோலான் சாமியும் தனியாக வந்து நின்றிருக்கிறார். ஒருவர் வந்தது இன்னொருவருக்குத் தெரியாது. இன்றைக்குத்தான் தெரிகிறது. மன்னியுங்கள். நல்லதைச் செய்துவிட்டு அதை ஒளித்து வைக்க வேண்டிய ஊராக இதை நாம் ஆக்கி வைத்திருக்கிறோம் என்பதுதான் என் துக்கம்.

அடுத்த தேர்தலில் எஞ்சினியரம்மா தோற்றார். சண்டைக்குப் பிறகு இரண்டு தரப்பும் ஒற்றுமையாக நின்று செய்த ஒரே காரியம் அவரைத் தோற்கடித்தது. தோற்ற மறுநாள் சந்தையில் அவரைப் பார்த்தேன். முள்ளங்கி வாங்கிக்கொண்டிருந்தார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். சாவுக்கு ஒரு வீடு கட்டப் போகிறேன் என்றார். எனக்குப் புரியவில்லை. இலாரிக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது, எந்தச் சபையானாலும், எந்தச் சபையும் இல்லாதவரானாலும், எப்படிச் செத்தவரானாலும் கொண்டுவந்து மரியாதையாக வைத்து அழ ஒரு கூரை வேண்டும் என்றார். தொழிற்சாலையில் விற்காமல் மிஞ்சியது வாசல் கட்டிடம் ஒன்றுதான், காவலாளி இருந்த இடம். அதைக் கேட்டு வாங்கினார். அதுதான் இன்றைய அஞ்சலிக் கூடம். சுவர் பூசி முடித்தோம். உடைந்த பாத்திரங்களின் எனாமல் துண்டுகளைத் தரையில் பதித்தோம். கூரை பாதியில் நிற்கிறது. ஆளில்லை. இளைஞர்கள் எல்லோரும் அங்கே தூரத்து ஊர்களில் அடுத்தவர் வீட்டுக்குக் கூரை போடுகிறார்கள். லவீனியாவும் இத்தாலியின் தூரினோ நகரத்தில் யாரோ ஒரு வயதான அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோதுதான், இங்கே தன் அம்மா விழுந்துவிட்ட செய்தி அவருக்குப் போயிற்று. இதற்கு யாரைக் கேட்பது?

மருத்துவமனையில் நான் பார்த்தபோது அவருக்கு நல்ல நினைவு இருந்தது. லவீனியாவும் பக்கத்தில் இருந்தார். எஞ்சினியரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோர்னெல், நான் போனா ரெண்டு பக்கமும் என்ன இழுப்பாங்க. அப்பா பேரச் சொல்லி ஒருத்தர், ஊர் பேரச் சொல்லி ஒருத்தர். என்ன அந்தக் கூடத்துல வையி. ரெண்டு சாமியும் சேர்ந்து வந்தா உள்ள விடு. ரெண்டு பேருமே வரலேன்னாலும் பரவால்ல. ஒருத்தர் மட்டும் வந்தா திருப்பி அனுப்பிடு."

"நானா அனுப்பணும்?" என்று கேட்டேன்.

"வேற யாரு? வாசல்ல நிக்கிறதுதான உன் தொழில்."

இரண்டு சாமிகளுக்கும் நானே போய் இதைச் சொன்னேன். அடக்கத்தன்று மழை. பாதிக் கூரையின் கீழே பெட்டியை நகர்த்தி வைத்தோம். நெக்கிஃபோர் சாமி வரவில்லை. ஆயர் தடுத்துவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். கொரியோலான் சாமி வந்தார். பூசை அங்கியோடு, கையில் சிலுவையோடு, ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு ஏற்றத்தில் ஏறி வந்தார். நான் வாசலில் நின்றேன்.

"அவ அப்பாகூட ஒரே அறையில கெடந்தவன்டா நான்."

"தெரியும் சாமி."

"இதுக்கா நான் உயிரோட வந்தேன்?"

லவீனியாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டே தலையை அசைத்தார். அம்மா சொன்னதைச் செய்யுங்கள் என்றார். திருப்பி அனுப்பினேன். ஆனால் சாமி போகவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் மழையில் நின்றார். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது தொப்பியைக் கழற்றினார். அவ்வளவு தூரத்தில் நின்றே உதடு அசைந்தது. அதை நான் தடுக்கவில்லை.

அன்றிலிருந்து ஊர் என்னோடு பேசுவதில்லை. ரொட்டிக் கடையில் முதுகைத் திருப்பிக்கொள்கிறார்கள். சிறையில் வாடிய குருவை வாசலில் நிறுத்தியவன் என்கிறார்கள். ஒரு புண்ணியவதியை நாயைப் புதைப்பதுபோலப் புதைத்தவன் என்கிறார்கள். என் மனைவியே இரண்டு நாள் எனக்குச் சோறு போடவில்லை. இருக்கட்டும். நான் இரவில் படுத்துக்கொண்டு யோசிக்கிறேன், செய்தது சரியா என்று. எனக்குத் தெரியவில்லை. எஞ்சினியரம்மாவுக்குத் தெரிந்திருக்குமா என்றும் தெரியவில்லை. அவர் கேட்டார், நான் செய்தேன். அவர் வாழ்நாள் முழுவதும் எந்தப் பக்கத்துக்கும் சாயாமல் நின்றார். செத்த பிறகு அவரைத் தூக்கி ஒரு பக்கம் சாய்க்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, அவர் விட்டுச் சென்ற வேலை. பேசிவிட்டுக் கலைவதற்காக நாம் இங்கே கூடவில்லை. கூரையை முடிக்க வேண்டும். தூர தேசத்திலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளே, பேருந்து ஏறுவதற்கு முன்னால் ஒரு நாள் கொடுங்கள். ஏணி என்னிடம் இருக்கிறது. நாற்பதாம் நாள் நினைவுக்குச் சாவேத்தா நம் வழக்கப்படி கோதுமை அவித்துக் கொண்டுவருவார். அன்று கூரை இருக்க வேண்டும்.

சாமிகளே, அன்று நீங்கள் இருவரும் சேர்ந்து வாருங்கள். ஆளுக்குப் பாதிப் பாட்டுப் பாடுங்கள். எங்களுக்கு மறந்ததை எடுத்துக் கொடுங்கள். ஒருவர் மட்டும் வந்தால், எந்தப் பக்கத்தவரானாலும், நான் மறுபடியும் திருப்பி அனுப்புவேன். அடுத்த ஆண்டும் அனுப்புவேன். இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் எனக்கும் மூட்டு வலிக்கிறது. எத்தனை வருடம் நான் ஒருவனாக நிற்க முடியும்? எனக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். இரண்டு சபையிலிருந்தும் வேண்டும். தொழிற்சாலை வாசலில் எப்படி முடிவெடுத்தோமோ அப்படியே கேட்கிறேன். நிற்கத் தயாராக இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள்.

யோசித்துத் தூக்குங்கள். நான் இங்கேதான் நிற்கிறேன்.